கத்தினால் புரியாத போன்

மனைவி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மீசைக்காரர் சமையலறையில் இன்னொருத்தியோடு குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ஒரு டம்ளர் அரிசிக்குத் தண்ணி எவ்வளவு விடணும்?”

“ரெண்டரை டம்ளர் விடுங்க. கொதி வந்ததும் அடுப்பைச் சின்னதா வைங்க.”

“அடடா! உன் குரல்ல சர்க்கரையைக் கரைச்சு வெச்சிருக்காங்களா?”

அவசரப்பட்டு அவரைத் திட்டிவிடாதீர்கள். பதில் சொன்னது போன். அன்று காலை மகள் வாங்கி வந்து, கையில் திணித்துவிட்டுப் போன புத்தம் புதுப் போன்.

சண்டையே போனால் வந்ததுதான். “இந்த ஓட்டைப் பட்டன் போனைத் தூக்கிப் போடுங்க. நான் கூப்பிட்டுப் பேசினா உங்களுக்கு ஒண்ணுமே கேக்கறதில்ல” என்றாள் மனைவி. “உன் பேச்சு கேக்காததுதான் அதோட அருமையே” என்றார் இவர்.

அச்சகத்தில் மெஷின் பக்கத்திலேயே நின்று காது பாதி மந்தமான மனிதர். வீட்டுக்காரியின் குரலை உச்ச ஸ்தாயியில் மட்டுமே கேட்டுப் பழகியவர். அந்த ஸ்தாயியில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தூக்கினாள். இவரும் வாசல் வரை போய் வீராப்புப் பேசினார்.

“நானா உன்னைக் கூப்பிட்டேன்னா இந்த மீசையை எடுத்துடறேன், பாத்துக்க!”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே காப்பாற்றி வந்த மீசை. அதைப் பணயம் வைத்த பிறகு எப்படிக் கூப்பிடுவது?

இப்படி இருக்கும்போதுதான் மகள் புதுப் போனோடு வந்தாள். அதில் இருந்த சூரியகாந்திப் படத்தைக் காட்டினாள்.

“இந்தப் பூவைத் தொடுங்கப்பா. கொஞ்ச நேரம் ட்ரிங் ட்ரிங்னு யோசிக்கும். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல் வரும். எது வேணாலும் கேளுங்க. ஆனா கத்தக் கூடாது. மெதுவாப் பேசினாத்தான் அதுக்குப் புரியும்.”

“எனக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்று முறைத்துக்கொண்டே வாங்கினார். பழைய போனில் வருகிற அழைப்பை எடுப்பதும் வைப்பதும் தவிர வேறு வித்தை தெரியாதவர்.

மதியத்துக்குள் ஆள் சொக்கிப் போனார். அது சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். எங்கோ விரல் பட்டு ‘க்ளிக்’ என்றது. திரையில் ஒருவன் முழித்தான். “யாருய்யா இந்தக் கிழவன்?” என்று கேட்ட பிறகுதான் மீசையைப் பார்த்துத் தன்னை அடையாளம் கண்டார். எல்லாவற்றையும்விட அந்த ஒலி! யாரோ காதுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு தெளிவு.

“ஏம்மா, உருளைக்கிழங்குக்கு உப்பு எவ்வளவு?”

“அரைக் கரண்டி போதும். உங்க பிரஷருக்கு அதுவே ஜாஸ்தி.”

மீசைக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு எதிர் வீட்டுக்கு ஓடினார். “யோவ் தையல்காரரே! விரல் பட்ட உடனே பிரஷரைப் பாத்துச் சொல்லுதய்யா!”

“என் போன்ல இருக்கற அம்மா மழை வருமான்னு கேட்டாக்கூடத் தப்பாத்தான் சொல்லுது” என்று தையல்காரர் பெருமூச்சு விட்டார். “உனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்?”

சாயங்காலம் சாப்பாடு நிஜமாகவே சாப்பிடுகிற மாதிரி வந்திருந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மீசைக்காரர் நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். எதிரே அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. பூவைத் தொட்டார். ட்ரிங் ட்ரிங் என்று போன் யோசித்தது.

“ஏம்மா, கோவிச்சுக்கிட்டுப் போனவளைத் திரும்ப வரவைக்க ஏதாவது வழி இருக்கா?”

இந்த முறை பதிலுக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது. “ஏங்க, சமையல் கஷ்டமா இருக்கா?”

“சமையலா? அதுக்குத்தான் நீ இருக்கியே! வீடு, மெஷின் நின்னுபோன அச்சகம் மாதிரி கிடக்கும்மா. என்னைத் திட்ட ஒரு ஆள் இல்ல. தூக்கமே வரமாட்டேங்குது.”

“அதை அவங்ககிட்டயே சொல்லலாமே?”

“சொல்லலாம். நானாக் கூப்பிட்டா மீசை போயிடுமே!” மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு குரலை இன்னும் இறக்கினார். “போனாப் போகுது போ. மயிருதானே, முளைச்சிடும். அவ நம்பரை எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லிக் குடு.”

போனுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“என்னம்மா, புதுப் போனுக்குக்கூடச் சளி பிடிக்குமா?”

அடுத்த நொடி, கை அதிர, கூடம் அதிர, ஜன்னல் கம்பியில் இருந்த காக்கா பறந்து ஓட, உச்ச ஸ்தாயியில் வந்தது பதில்:

“காலைலேர்ந்து நீங்கதான் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க! மீசையை எடுத்துட்டு ரெடியா இருங்க, மொத பஸ்ல வரேன்!”