படகுத்துறை வேன்

படகுத்துறையில் நின்ற வேனைப் பார்த்ததும் முர்டோவுக்குக் கோபம் வந்தது. அந்த ஸ்காட்லாந்துத் தீவின் ஊர்ச்சபைத் தலைவர் அவர். உள்ளே ஒரு பெண் தரையில் துளை போட்டு, குளிர் போக்கும் டீசல் ஹீட்டரின் புகைக்குழாயை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஊர் சுத்த வர்றவங்க எல்லாம் செப்டம்பரோட கிளம்பிட்டாங்க. நீ குளிர்காலம் பூரா இங்கயே டேராவா?”

“ஆமாங்க.”

“இது ஊர் இடம். நாளைக்கே காலி பண்ணணும்.”

“பண்ணமாட்டேன். வாடகைக்கு நாலு வீடு கேட்டேன். நாலுமே டூரிஸ்டுக்கு மட்டும்தானாம்.”

நாலில் ஒன்று முர்டோவுடையது. “அப்போ வேற ஊரைப் பாரு.”

“திங்கட்கிழமை வேலையில சேரணுமே. டாக்டர் வேணும்னு மூணு வருஷமா மனு போட்டீங்களாம். அந்த டாக்டர் நான்தான். பேரு ஷோனா.”

முர்டோ மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

“என் வீடு ஏப்ரல் வரைக்கும் காலிதான், டாக்டர். வந்து தங்குங்க.”

“ஏப்ரலுக்கு அப்புறம்?”

“ஏப்ரல்ல டூரிஸ்டுங்க வந்துடுவாங்களே...” என்று அவர் இழுக்கும்போதே ஷோனா பொத்தானை அமுக்கினாள். ஹீட்டர் இரண்டு முறை செருமிவிட்டு, சீராக ஓடத் தொடங்கியது.