அத்தா சொன்னால் கேட்பாள்

மகளிடம் கத்திக் கத்தி ஹலீமாவுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"பாளையம்பட்டி பஸ்ஸும் போயிருச்சு. டியூசனுக்கு எப்பப் போவ, நிலோபர்? பரீட்சைக்குப் பத்து நாளுதான் கெடக்கு."

செல்போன் கேமில் சுட்டுக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை. "இந்த ஒரு ஆட்டந்தாம்மா. நடுவுல விட்டா கூட ஆடுறவுக தோத்துருவாக."

நிலோபர் அடங்குவது குவைத்தில் இருக்கும் அத்தாவின் சொல்லுக்கு மட்டும்தான். ஹலீமா அடுப்படிக்குப் போய்க் கணவருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பினாள்.

"என்னங்க, ஒங்களுக்கு ராப்பகலா டூட்டின்னு தெரியும். ரெண்டு நிமிசம் ஒதுக்கி ஒங்க மகளைக் கண்டிங்க. என் பேச்சு எடுபடல."

வீட்டுக்குள் நிலோபர் காதில் மாட்டிய மைக்கில் அவசரமாகச் சொல்வது கேட்டது.

"அத்தா, அம்மா வாய்ஸ் அனுப்பியிருக்காக. இப்பத் தொறக்காதீங்க, சுட்டுருவானுக."