பலகையில் முதல் எண்

ஓலு நகரத்துக் கடல் உறைந்து கிடக்கிறது. பனிக்கட்டியை வெட்டித் திறந்த சதுரத்தில் மட்டும் தண்ணீர் கறுப்பாக அசைகிறது. கம்பளித் தொப்பியோடு ரைலி மர ஏணியில் இறங்குகிறாள். அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை எடுத்த பிறகு இதுதான் முதல் நீச்சல். நீச்சலுடையின் இடப்பக்கம் தட்டையாக, தாழ்ந்த வெயிலில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. "கோடைல பதினெட்டு டிகிரி இருக்கும்மா, அப்ப நீந்திக்கலாமே," என்று மகன் எசா மேலே நின்று கெஞ்சுகிறான். "கோடைல எவன் வேணா இறங்குவான்டா," என்று சொல்லிக்கொண்டே கழுத்துவரை போகிறாள். மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு ஆவியாக எழுகிறது. இந்தக் குளிக்கும் துறையில் குளிருக்காக யாரும் கத்துவதில்லை, அவளும் கத்தவில்லை. ஏறி வரும்போது உடம்பு பீட்ரூட்டாகச் சிவந்திருக்கிறது. அடுத்து இறங்க வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியோடு எசா துண்டை விரித்துக்கொண்டு அவள் நெஞ்சை மறைக்க ஓடிவருகிறான். அவள் கையால் விலக்குகிறாள். அன்றைக்கு முதலில் இறங்கியவர்தான் கரையிலுள்ள பலகையில் தண்ணீரின் வெப்பநிலையை எழுத வேண்டும். கயிற்றில் தொங்கும் வெப்பமானியைத் தூக்கிப் பார்த்து, கூட்டத்துக்கு நேராக நிமிர்ந்து நின்று, சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதுகிறாள்: 0.3. "போதும்மா, மூடிக்க." "அந்தத் துண்டால உன் கண்ணாடியத் தொடைடா. தொடைச்சிட்டு நல்லாப் பாரு."