அபிசாயின் தாடி

அபிசாயின் தலைமேல் லித்தியா ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள்.

தோள்வரை தொங்கும் பெரிய பை, கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரிந்தது. அபிசாயின் முகத்தில் மாஸ்க். மாஸ்க்கின் ஓரமெல்லாம் பிதுங்கிக்கொண்டு அந்தப் புகழ்பெற்ற தாடி.

ஃபிஜித் தீவின் சுவா துறைமுகத்துப் படகுப் பட்டறையில் அன்று காலை ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. பதினோரு பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முன்வரிசையில் இனோக்கே. அபிசாயின் மாமன் மகன். ஆகவே அவனைக் கிண்டல் செய்யவே பிறந்தவன். இருபது வருடமாக இருவரும் ஒரே வாளியில் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் கழுவுகிறார்கள்.

ஊர் ரக்பி அணி இந்த வருடம் முதல் ஆட்டத்தை ஜெயித்த அன்று அபிசாய் சவரக் கத்தியைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் வரிசையாக ஏழு வெற்றி! சனிக்கிழமை இறுதி ஆட்டம். இனோக்கேயின் மூத்த மகன் அந்த அணியில் ஆடுகிறான். தாடியில் ஒரு முடி குறைந்து அணியும் தோற்றுவிட்டால், அபிசாய் அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் பாதுகாப்பு அதிகாரி லித்தியா வந்து சேர்ந்தாள்.

பெயிண்ட் கரைக்கும் தின்னரில் கை வைக்கிறவன் முகத்தில் மாஸ்க் ஒட்டி நிற்கவேண்டுமாம். தாடி இருந்தால் ஒட்டாதாம். முடியின் இடுக்கு வழியாக ஆவி உள்ளே போய்விடுமாம்.

பட்டறைக்கு இதெல்லாம் புதுக்கதை. கன் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதிய கூட்டம் அது. சாப்பிடப் போகுமுன் கையில் ஒட்டிய பெயிண்டையும் தின்னரால்தான் கழுவுவார்கள். யாராவது செத்தோமா என்பது அவர்கள் கட்சி.

எல்லாருமாகக் கெஞ்சினார்கள். கடைசியில் லித்தியா, தாடியோடேயே சோதித்துக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள் என்றாள். வாசனை உள்ளே போகாவிட்டால் சனிக்கிழமை வரை தாடி இருக்கட்டும் என்றும் தைரியமாகச் சொல்லிவிட்டாள்.

பையைக் கவிழ்ப்பதற்கு முன்னாலேயே, மூக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு குப்பிகளை நீட்டியிருந்தாள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் வாழைப்பழ வாசனை. அபிசாய் இரண்டையும் முகர்ந்து, கண்ணை மூடி யோசித்து, வலதைத் தொட்டான்.

சரியான விடை. கைதட்டல் எழுந்தது.

இப்போது அதே வாசனையில் நனைத்த காகிதத்தைப் பைக்குள் தொங்கவிட்டாள். வெளியே நின்ற இனோக்கேயின் மூக்கிலேயே ஒரு தார் வாழைப்பழத்தை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது.

"வாயால மூச்சு விடுடா மச்சான்! அந்தக் கிழங்கு மூக்க மூடித் தொலை!"

லித்தியா முறைத்தாள். அபிசாயைத் தலையைத் திருப்பச் சொன்னாள், குனியச் சொன்னாள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாள். எல்லாம் செய்தான். வாசனை வருகிறதா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்று தலையாட்டினான்.

"இப்படி ஒரு அதிசயத்த நான் பார்த்ததே இல்ல" என்று அவள் பையைக் கழற்றினாள்.

பட்டறை அதிர்ந்தது. ஒருவன் காலி டின்னை எடுத்துத் தாளம் போட்டான். இனோக்கே பாய்ந்துபோய் அந்தத் தாடிக்கே முத்தம் கொடுத்தான். லித்தியா தலையைச் சொறிந்துகொண்டே அறிக்கை எழுத ஆபீசுக்குப் போனாள்.

கால் மணி நேரம் கழித்து, கழுவவேண்டிய கன்களை எடுத்து வைத்துவிட்டு இனோக்கே மச்சானைத் தேடினான். ஆளைக் காணவில்லை.

பின்பக்கக் குழாயடியில் இருந்தான். லாரியின் கண்ணாடி முன்னால், முகம் பூராவும் சோப்பு நுரை, கையில் கத்தி. பாதித் தாடி தரையில் கிடந்தது.

இனோக்கே ஓடிவந்தான்.

"அடப்பாவி! ஜெயிச்சிட்டியேடா! எம்புள்ள வாழ்க்கையில வெளையாடுறியா?"

"கத்தாத மச்சான். அந்த ரெண்டு குப்பியும் எனக்கு ஒண்ணுதான். குத்துமதிப்பாத்தான் வலதத் தொட்டேன்."

இனோக்கே வாயைப் பிளந்தான்.

"போன கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்ல மீன் கருகிக் கரியாச்சே, ஞாபகமிருக்கா? தெருவே ஓடிவந்துச்சு. நான் அடுப்புக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அபிசாய் சிரித்தான். சிரிப்பு அரைத்தாடியில் கோணலாகத் தெரிந்தது.

மாஸ்க்கில் இடுக்கு விட்டால் மற்றவர்களுக்கு மூக்காவது சொல்லும். உடனே வெளியே ஓடிவந்துவிடலாம். இவனுக்குச் சொல்ல யாருமில்லை.

இருபது வருடத்தில் முதல் தடவையாக இனோக்கேக்குக் கிண்டல் வரவில்லை. சனிக்கிழமையை நினைத்தான். மகனை நினைத்தான். மைதானத்தைச் சுற்றி நிற்கப்போகும் மொத்த ஊரையும் நினைத்தான்.

பிறகு அபிசாயின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினான்.

"காதுக்குக் கீழ அப்படியே விட்ருக்கியே, குருடா. நிமுந்து உக்காரு."

அபிசாய் தாடையைத் தூக்கிக் காட்டினான். இனோக்கே பொறுமையாக, ஒரு முடி விடாமல் மழித்தான்.

"மொதல்ல லித்தியாகிட்டப் போய் உண்மையச் சொல்லு. ஊர்ல கேட்டா மட்டும், நான் தூங்குறப்ப இனோக்கே பய செரச்சிட்டான்னு சொல்லிடு."