அறுபது அடி மணல்

"இந்த மோட்டரும் எரிஞ்சு போச்சு, தம்பி."

சூசைதாசன் பையிலிருந்து வண்டியை எடுத்து மேசையில் வைத்தார். றிமோட்டில் ஓடும் சின்ன ட்ரக் அது. நான்கு சில்லுகளிலும் மணல். முன் அச்சில் நைலோன் நூல் சுற்றிக் கிடந்தது.

மருதனார்மடம் சந்தியில் இப்படியான வண்டிகளை விற்றுத் திருத்தும் சின்னக் கடை எமில்ராஜுடையது. மின்சாரம் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. சேட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த மனிதர் வருவது இது மூன்றாவது முறை. மாதகலில் இருந்து பஸ் ஏறி வருகிறவர். அறுபது வயதைத் தாண்டிய கடல் தொழிலாளி. வந்தால் அதிகம் கதைக்கவும் மாட்டார்.

"போன கிழமைதானே ஐயா புது மோட்டர் போட்டுத் தந்தனான்?"

"ஓம். நடு மணல்லை புகைஞ்சு நிண்டிட்டுது. தூண்டில் எறிஞ்சுதான் இழுத்து எடுத்தனான்."

"நடந்துபோய்த் தூக்கியிருக்கலாமே?"

"அது ஏலாது."

"ஏன், போட்டி விதியோ?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "விதிதான்" என்றார்.

எமில்ராஜுக்கு இப்போதுதான் விளங்கியது. மாதகல் பக்கம் எங்கோ ட்ரக் போட்டி நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அவனும் ஒரு போட்டி வைத்துப் பார்த்தான். கொடி கட்டி, மண் குவித்து, பாதை போட்டுக் காத்திருந்தான். வந்தது நாலு பேர். அந்தக் களைப்பு இன்னும் போகவில்லை. இப்போது யாரோ தொடங்கியிருக்கிறார்கள். அவனுக்கு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

"ஆரோடை போட்டி?"

"என்ரை அண்ணையோடை. ஏழு வருசமா."

"அவர் என்ன வண்டி வைச்சிருக்கிறார்?"

"அவரிட்டை வண்டி இல்லை. பிடிவாதம் மட்டுந்தான்."

எமில்ராஜ் சிரிக்கத் தென்பில்லாமலே சிரித்தான். அலுமாரியைத் திறந்து ஒரு மோட்டரை எடுத்தான். "உதைப் பாருங்கோ. பிரஷ்லெஸ். மணிக்கு அறுபது கிலோமீற்றர் பறக்கும்."

"வேண்டாம் தம்பி. முதல் தந்ததும் உப்பிடித்தான் பறந்தது. ஏத்தினதெல்லாம் கவிண்டு கொட்டுண்டிட்டுது."

"என்ன ஏத்தினனீங்கள்?"

"ரெண்டு கிலோ வரும்."

கேட்டதற்கு அது பதில் இல்லை. பாரம் ஏற்றி ஓடுகிற போட்டியாக்கும் என்று எமில்ராஜ் நினைத்துக்கொண்டான்.

"எனக்கு ஓட்டம் தேவையில்லை" என்றார் சூசைதாசன். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "ஆறுதலாப் போகவேணும். அறுபது அடி மணல். கடைசியிலை நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி. படி ஏறேக்கை உதறக்கூடாது. சாயக்கூடாது. அவ்வளவுதான்."

எமில்ராஜ் கையிலிருந்த மோட்டரைத் திரும்ப உள்ளே வைத்தான். கடைக்கு வருகிற எல்லோரும் எவ்வளவு கெதியாய் ஓடும் என்றுதான் கேட்பார்கள். ஆறுதலாய்ப் போகவேண்டும் என்று ஒருவர் கேட்டதை அவன் இதுவரை கண்டதில்லை.

"பிழை என்னிலைதான் ஐயா. ரெண்டு தரமும் உங்களுக்குக் கெதியை வித்துப்போட்டன். உங்களுக்கு வேண்டியது இழுவை." அடியில் கிடந்த பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்தான். "இதுக்குள்ளை கம்பி ஐம்பத்தைஞ்சு சுற்று. சுற்றுக் கூடக் கூட ஓட்டம் குறையும், இழுவை கூடும். எரியாது."

மோட்டரைப் பூட்டினான். அதன் நுனியில் இருந்த பல்லுச்சில்லைக் கழற்றி, அதைவிடச் சின்னதாய் ஒன்றைப் போட்டான். பிறகு வண்டியைக் கவிழ்த்து இரண்டு அச்சுகளையும் திறந்தான்.

"மணல்லை ஒரு சில்லு சும்மா சுத்தினால் மற்றது நிண்டிடும். அதுதான் புதைஞ்சது. இப்ப இறுக்கிவிட்டிருக்கிறன். இனி நாலும் ஒண்டாத்தான் சுத்தும். திருப்பேக்கை கொஞ்சம் அடம்பிடிக்கும், பரவாயில்லையோ?"

"நேர்ப் பாதைதான். திருப்பத் தேவையில்லை."

பக்கத்துக் காணியில் வீடு கட்டுவதற்கு மணல் குவித்திருந்தார்கள். எமில்ராஜ் பலசரக்குக் கடையில் இரண்டு கிலோப் படிக்கல்லை இரவல் வாங்கிவந்து வண்டியில் கட்டினான். றிமோட்டைப் பெரியவரிடம் கொடுத்தான். அவர் விசையை மெல்ல அழுத்தினார். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. ஓர் இடத்தில் சரிந்து, நின்று, நான்கு சில்லாலும் மணலைப் பிடித்து மீண்டும் ஏறியது. உச்சியில் போய் நின்றபோது படிக்கல் அசையவில்லை.

சூசைதாசன் அப்படியே மணல் குவியலின் ஓரத்தில் குந்திவிட்டார்.

"எப்ப போட்டி?"

"நாளைக்கு மத்தியானம்."

"வெண்டால் என்ன ஐயா பரிசு?"

"அண்ணை ஒரு வாய் சோறு தின்னுவார்."

எமில்ராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி செத்து நாற்பது நாள். செத்தவீட்டுக்கும் நான் றோட்டிலைதான் நிண்டனான்" என்றார் பெரியவர். "பிள்ளையளும் இல்லை. அவர் அடுப்பு மூட்டிறேல்லை, கடைப் பாணும் தேத்தண்ணியுந்தான். ஊராக்கள் குடுக்கிறதை வாங்க ரோசம் விடுகுதில்லை. என்ரை மனிசி ஸ்ரெல்லா ஒவ்வொரு நாளும் கறி சோறு வைச்சுத் தாறா. நான் அதை வைச்சுக்கொண்டு அவற்றை படலையடியிலை நிண்டிட்டுத் திரும்பிறன்."

அவர் எழுந்து வண்டியில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டினார்.

"எங்கடை வீட்டு ஆக்களின்ரை கால் தன்ரை வளவுக்குள்ளை படக்கூடாதெண்டு கோயில் வாசல்லை வைச்சுச் சத்தியம் வாங்கினவர், தம்பி. சில்லைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லை."