மவுசா, பாட்டா?

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் தன் பாட்டைப் பதிவுசெய்ய வாயைத் திறந்தாலே பழைய கம்ப்யூட்டர் உறைந்துவிடும். மூன்றாம் முறையாக மெக்கானிக்கை வரவழைத்தார்.

“சவுண்ட் கார்டும் மவுசும் ஒரே இன்டரப்ட் நம்பர்ல கூப்பிடுது சார். யாருக்குப் பதில் சொல்றதுன்னு தெரியாம கம்ப்யூட்டர் முழிக்குது.”

“வேற நம்பர் குடுங்களேன்?”

“ஒரு நம்பரும் மிச்சமில்ல. ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். பேசாம பாட்டை விட்டுடுங்க சார்.”

“நல்லா இருக்கே! மவுசைக் கழட்டுங்க. கீபோர்டு போதும்.”

கழற்றிக் கொடுத்துவிட்டு, முகம் தொங்கிப்போய் மாடிப்படி இறங்கிய மெக்கானிக், நேர் கீழே இருந்த தன் வீட்டுக்குள் நுழைந்தார்.

“இந்தத் தடவையும் ரெண்டையும் ஒரே நம்பர்ல கோத்து விட்டீங்கதானே?” என்று ஆவலாகக் கேட்டாள் மனைவி.

“மவுசே வேணாம்னுட்டாரு.”

மாடியில் பாட்டு கிளம்பியது.

“வீட்ல பஞ்சு இருக்கா?” என்றார் மெக்கானிக்.