கரடியனாற்றுத் தண்ணீர்

ரேடியேட்டரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்து, உடனே துப்பினார் மெக்கானிக் பதியுதீன்.

"உப்பு, மாஸ்டர்."

"விசர்க்கதை கதைக்காதீங்க" என்றார் நல்லரத்தினம் மாஸ்டர்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வயதான அந்தக் காரைப் பெற்ற பிள்ளைகளைவிடக் கவனமாக வளர்த்தவர். தேற்றாத்தீவில் அவர் வீட்டு முற்றத்தில் கார் பொனட்டைத் திறந்துகொண்டு நிற்க, கீழே பச்சை நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பும் இதே ஒழுக்குத்தான். "உங்கட கிணத்துத் தண்ணி உப்பு. அதுதான் ரேடியேட்டரத் திண்டிரிக்கு. இனி நல்ல தண்ணியிலதான் கூலண்ட் கலக்கணும்" என்று சொல்லி, ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தார் பதியுதீன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்றும் வாயை விட்டுவிட்டுக் காத்தான்குடிக்குப் போனார்.

இப்போது பம்பைப் பூட்டி, காற்று அடித்துப் பார்த்தார். ஹோஸில் பிழையில்லை, வாட்டர் பம்பில் பிழையில்லை, மூடியும் நல்ல மூடிதான். தான் வைத்த ஈயம்கூட அசையாமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் புதிதாக ஐந்தாறு ஊசித்துளைகள்.

"திரும்பக் கிணத்துத் தண்ணி ஊத்தியிரிக்கீங்க மாஸ்டர்."

"ஒரு சொட்டும் ஊத்தல்ல! ஒவ்வொரு கிழமையும் கரடியனாத்து வட்டைக்கு வயல் பாக்கப் போகக்குள்ள, அங்க கிணத்தில காருக்கெண்டே ஒரு கான் தண்ணி அள்ளிட்டு வாறன். வெயில் படப்படாதெண்டு குசினிக்குள்ள சட்டி பானையோட வச்சி, விடிய எழும்பி ஊத்துறன். கற்கண்டு மாதிரித் தண்ணி."

"அப்ப உப்பு எங்கால வந்தது?"

"உங்கட கள்ள ஈயத்தால வந்தது. பிழைய ஒத்துக்கொள்ளுங்க. இல்லாட்டி வாற சனிக்கிழமை கோயில் கூட்டத்தில சொல்லுவன், பதியுதீன்ட வேலை ஆறு மாசமும் தாங்காதெண்டு."

பதியுதீனுக்கு முகம் செத்துப்போயிற்று. இந்தக் கரையில் ஓடும் பழைய கார்களில் பாதி, மாஸ்டரின் வாய்ச்சொல்லை நம்பி அவரிடம் வந்தவை. அவ்வளவும் அதே வாயால் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து, மாஸ்டரின் மனைவி ஆச்சிப்பிள்ளை தேத்தண்ணியோடு வந்தார். இந்தப் பக்கத்து வீடுகளில் பதியுதீன் ஏதாவது சாட்டுச் சொல்லிக் குடிக்காமல் தப்பிவிடுவார். எத்தனை கரண்டி சீனி போட்டாலும் கிணற்று உப்பு காட்டிக்கொடுத்துவிடும். இன்று சாட்டுத் தேடும் தெம்பில்லாமல் ஒரு வாய் குடித்தார். பிறகு ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

"நல்லா இரிக்கக்கா."

"இப்ப ஆறு மாசமாத்தான் அவட கை படிஞ்சிரிக்கு" என்றார் மாஸ்டர், தன்னைப் புகழ்ந்ததுபோல. "முப்பத்தெட்டு வருஷம் சொல்லிச் சொல்லி, ஒரு மாதிரிப் பழக்கி எடுத்திட்டன்."

ஆச்சிப்பிள்ளை கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அந்தக் கானக் கொண்டாங்க மாஸ்டர். ரெண்டு பேரும் குடிச்சுப் பாப்பம்."

"கான் வெறுமை. விடியவே முழுக்க ஊத்திட்டன்."

"அப்ப கரடியனாத்துக் கிணறும் உப்பாப் போயிரிக்கும்."

காரைச் சொன்னாலும் பொறுப்பார். கிணற்றைச் சொன்னது மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்ட அப்பா வெட்டின கிணறு! இப்பவே போய் அள்ளிட்டு வாறன். குடிச்சுப்போட்டு, 'என்ட பிழைதான்' எண்டு உங்கட வாயால சொல்லணும். ஒண்டில்ல, ரெண்டு கான் கொண்டு வாறன்!"

தெருவில் வந்த ஓட்டோவை மறித்து, இரண்டு வெறுங்கான்களோடு ஏறிப் புறப்பட்டுவிட்டார்.

பதியுதீன் ரேடியேட்டரைக் கழற்றத் தொடங்கினார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கவேண்டும் என்று மனதார வேண்டினார். இல்லாவிட்டால் இருபது வருடப் பேர் சனிக்கிழமையோடு சரி.

ஓட்டோ முடக்கில் திரும்பி மறையும்வரை படியில் நின்று பார்த்தார் ஆச்சிப்பிள்ளை. பிறகு காரடிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னொரு தேத்தண்ணி போடட்டா தம்பி? காருக்கு வந்த தண்ணி இன்னும் அரைக்குடம் கிடக்கு."